புதிய இயங்குதளமும் பழகிய கைகளும்

கணிப்பொறி வாங்கக் கடைக்குச் செல்பவர் எவரும் இயங்குதளம் ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்குவதில்லை. கடிதம் எழுதவேண்டும், கடைக் கணக்குப் பார்க்கவேண்டும், இரயிலுக்கு முன்பதிவு செய்யவேண்டும், தொலைவிலுள்ள மகளின் முகத்தைத் திரையில் காணவேண்டும் என்னும் தேவைகளோடுதான் அவர் செல்கிறார். இத்தேவைகளை நிறைவேற்றும் செயலிகளுக்கும் உள்ளிருக்கும் பொறிக்கும் நடுவே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, விசைப்பலகையில் தட்டியதைத் திரையில் கொண்டுவந்து சேர்க்கின்ற கட்டளைத் தொகுதியே இயங்குதளம் எனப்படுவது. சத்திரத்து மணியக்காரரைப் போன்றது அது. வேலை ஒழுங்காக நடக்கும்வரை அங்கே தங்குவோர் அவருடைய பெயரைக்கூட விசாரிப்பதில்லை. அறைச் சாவியைக் காணோம் என்னும்போதுதான் அவருடைய நினைவு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த மணியக்காரர் மாற்றப்படுகிறார். புதியவர் பழையவரைக் காட்டிலும் திறமைசாலி என்று பறையறைந்து சொல்கிறார்கள். தங்கியிருப்போரோ தம் பெட்டி வைத்த இடத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆக்குவோர் கொடுக்க விரும்பியதும், எளிய பயனாளர் பெற விரும்பியதும் எங்கே பொருந்தின, எங்கே பிணங்கின என்பதைச் சற்று நோக்குவோம். இது ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாறு.

முதல் இயங்குதளம் பயனாளருக்காகப் பிறந்ததன்று, பொறிக்காகப் பிறந்தது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் சேர்ந்து, ஐ.பி.எம். 704 என்னும் பெரும் பொறிக்காக ஒரு கட்டளைத் தொகுதியை ஆக்கின. அதற்கு முன்பு, ஒருவர் தம் முறை வந்ததும் துளை அட்டைகளையும் நாடாக்களையும் பூட்டி, வேலை முடிந்ததும் கழற்றிச் செல்வார். பூட்டுவதிலும் கழற்றுவதிலும் கழிந்த நேரமெல்லாம் விலையுயர்ந்த பொறி வாளாவிருந்தது. புதிய தொகுதி ஒரு வேலை முடிந்தவுடன் அடுத்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. பொறிக்கு ஓய்வு ஒழிந்தது. மனிதருக்குக் காத்திருப்பு வந்தது. அட்டைக் கட்டை ஓர் ஊழியரிடம் கொடுத்துவிட்டு, விடையைப் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ பெறுவதே வழக்கமாயிற்று. ஓர் எழுத்துப் பிழைபட்டிருந்தால் மீண்டும் ஒரு நாள். நம் நாட்டிலும் கணிப்பொறி அக்காலத்தில் 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிறுவப்பட்டது போன்ற ஆராய்ச்சிக் கூடங்களுக்குரிய பொருளாகவே இருந்தது. ‘அன்றாடப் பயனாளர்’ என்றொருவர் அப்பொழுது இல்லை.

அவர் மெல்லத் தோன்றியது, ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை வந்தபோதுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் 1961இல் அம்முறையைச் செய்துகாட்டினர். தட்டச்சுப் பொறி போன்ற முனையத்தின் முன் அமர்ந்து ஒருவர் கேட்க, பொறி உடனே விடை கூறிற்று. பொறி பொதுவானதும், ‘என் கோப்பு’ என்னும் எண்ணமும் உடன் பிறந்தது. அதைக் காக்கக் கடவுச்சொல் வந்தது. 1960களின் நடுவில் ஒரு நாள் அங்கே நடந்தது சுவையான நிகழ்ச்சி. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு கோப்புகளைத் திருத்த, இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயர் அமைந்துவிட்டமையால் அவை இடம் மாறின. அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் உள்ளே நுழைந்த எல்லாருடைய முனையங்களிலும் அச்சாயின! என் பொருள் என்னுடையதாகவே இருக்கவேண்டும் என்னும் விருப்பம் எவ்வளவு பழையதோ, அவ்வளவு பழையது அது பொய்த்துப்போன கதையும்.

தனியாள் கணிப்பொறிகள் வந்தபின் பயனாளர் தொகை பெருகிற்று. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தது. அதில் இயங்கிய மைக்ரோசாப்டின் ‘டாஸ்’ கருந்திரையும் துடிக்கும் ஒரு சிறு கோடுமாகக் காட்சியளித்தது. கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்க்கே அது வழிவிட்டது. கோப்புக்கு எட்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க இயலாது. வகையைக் குறிக்க மூன்றெழுத்து. ஓராண்டுக் கடிதப் போக்குவரத்தை எட்டெழுத்துப் பெயர்களில் அடக்கியோர் பின்னர் எந்தப் பெயருக்குள் எந்தக் கடிதம் என்று திறந்து திறந்து தேடினர்.

கட்டளையை மனப்பாடம் செய்யாமல், திரையில் தெரிவதைச் சுட்டிக்காட்டி வேலை வாங்கும் வழியை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் கண்டது. அதை மக்களிடம் கொண்டுசென்றவற்றுள் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா ஒன்று. 1983 ஜனவரியில் ஏறத்தாழ 10,000 டாலர் விலையில் வந்து, அவ்விலையாலேயே பெரிதும் விலைபோகாமற் போயிற்று. ஆனால் அதை ஆக்கும்போது லாரி டெஸ்லர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. கணிப்பொறி அறியாத சாதாரண மக்களை ஒவ்வொருவராக அழைத்து, அதன் முன் அமர்த்தி, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு பொத்தானில் ‘செய்க’ என்று பொருள்படும் ‘டூ இட்’ என்னும் இரு சொற்களைப் பொறித்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையே இடைவெளி குறைவு. அந்த எழுத்துருவில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் ஒன்றுபோல் தோன்றும். சோதனைக்கு வந்தவர்கள் அப்பொத்தானை அழுத்தாமல் தயங்கினர். ஒருவர் சினந்தே விட்டார். அவர் படித்தது ‘டோல்ட்’ என்று. மடையன் என்பது அதன் பொருள். இந்தப் பொறி ஏன் என்னை மடையன் என்கிறது என்று அவர் கேட்டார். பேச்சுவழக்காக இருக்கிறதே என்று முன்பு ஒதுக்கிய ‘ஓகே’ என்னும் சொல்லையே அதன்பின் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் நாள்தோறும் அழுத்தப்படும் அந்தப் பொத்தானின் பின்னே பெயர் தெரியாத ஒருவருடைய மனவருத்தம் இருக்கிறது என்பது எனக்கு வியப்பாகவே தோன்றுகிறது. அறிவாளிகள் கூடி ஆராய்ந்து காண இயலாத குறையை அவர் ஒரு நொடியில் கண்டார்.

இவ்வாறு பார்த்துத் திருத்தும் முறை மிகப் பெரிய பயனைத் தந்தது விண்டோஸ் 95இல். அதற்கு முந்தைய விண்டோஸில் புதியவர்கள் பட்ட துன்பங்களை மைக்ரோசாப்டின் ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலேயே உற்றுநோக்கத் தொடங்கினார்கள். சுட்டியை இருமுறை விரைந்து அழுத்துவது பலருக்கு வரவில்லை. ஒரு சாளரத்தை இன்னொரு சாளரம் மறைத்தால், மறைந்தது போய்விட்டதென்றே பலர் எண்ணினர். எழுதிக்கொண்டிருந்த கடிதம் பின்னால் பத்திரமாக இருக்க, அது அழிந்துவிட்டதென்று நினைத்து மீண்டும் தொடக்கத்திலிருந்து திறந்தார்கள். கோப்புறைக்குள் கோப்புறை வைப்பதோ அவர்களை வழி தெரியாத காட்டில் விட்டதுபோல் ஆக்கிற்று. பொறியாளர்க்கு இவையெல்லாம் அற்பமாகத் தோன்றக்கூடியவை. பயனாளர்க்கோ இவையே முழுமுதற் செய்திகள்.

விடை மிக எளியதாக அமைந்தது. திரையின் அடிப்பக்கத்தில் ஒரு பட்டை. திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் அதில் ஒரு பொத்தான். எதுவும் கண்ணைவிட்டு மறைந்தாலும் கையைவிட்டுப் போகவில்லை என்று அது காட்டிற்று. இடது மூலையில் ‘தொடங்கு’ என்னும் சொல்லோடு ஒரு பொத்தான். முதலில் அவ்விடத்தில் மூன்று பொத்தான்கள் வைத்துப் பார்த்து, பிறகு ஒன்றாக்கினார்கள். அதுவும் போதாதென்று, தொடங்குவதற்கு இங்கே அழுத்துக என்னும் சொற்களும் ஓர் அம்புக்குறியும் பட்டையின்மீது ஓடிவந்து அப்பொத்தானைச் சுட்டிக்காட்டின. கோப்பின் பெயரும் எட்டெழுத்துச் சிறையிலிருந்து விடுபட்டு 255 எழுத்து வரை நீளலாயிற்று. 1995 ஆகஸ்ட் 24ஆம் நாள் இது விற்பனைக்கு வந்தபோது நள்ளிரவிலேயே கடை வாயில்களில் மக்கள் வரிசையில் நின்றனர். விளம்பரத்தின் வலிமை அதில் பாதி என்றாலும், மறுபாதி அந்த மூலைப் பொத்தானுக்கு உரியதென்றே சொல்வேன்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இதே முகத்தை ஓரளவு மெருகிட்டு, உள்ளே அலுவலகங்களுக்குரிய உறுதியான அடித்தளத்தைக் கொண்டு வந்தது. அடிக்கடி உறைந்து நிற்கும் வழக்கம் குறைந்தது. ஐந்தாண்டுக்கு மேல் புதியது எதுவும் வரவில்லை. அந்த இடைவெளியில் உலகமெங்கும் கைகள் அதற்குப் பழகிவிட்டன. இதை ஆக்கியோர் முற்றும் உணர்ந்தாரில்லை.

2007 ஜனவரி 30ஆம் நாள் பொதுமக்கள் விற்பனைக்கு வந்த விஸ்டா, கண்ணாடி போன்ற சாளரங்களோடும் உயர்ந்த பாதுகாப்போடும் வந்தது. ஆனால் முன்பு ஓடிய அச்சுப்பொறிகளும் வருடிகளும் பல இடங்களில் ஓடவில்லை. பழைய பொறிகள் அதன் சுமை தாங்காமல் தள்ளாடின. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் செய்யட்டுமா, அனுமதி உண்டா என்று ஓயாமல் கேட்டது. அனுமதி கேட்பதில் தவறென்ன என்று நேயர்கள் வினவக்கூடும். விடை கூறும் அறிவு பயனாளரிடம் இருந்தால் தவறில்லை. இருபதாவது முறையாகக் கேட்கும்போது அவர் படிக்காமலே சரி என்று அழுத்துகிறார். காவல் இருந்தும் இல்லாததாகிறது. இதைவிட வியப்பானது, 2008 ஏப்ரலில் அப்பகுதியின் பொறுப்பாளர் ஒருவர் ஒரு மாநாட்டில் சொன்னது: பயனாளர்க்கு எரிச்சலூட்டவே அதை வைத்தோம், அவர்கள் எரிச்சலுற்றால்தான் செயலி எழுதுவோர் தம் செயலிகளைத் திருத்துவார்கள் என்பது அவர் கூற்றின் கருத்து. நோக்கம் நன்றே. ஆனால் கணவனைத் திருத்தப் பிள்ளையை அடிப்பது போன்ற வழி அது.

பயனாளர் வாளா இருக்கவில்லை. எக்ஸ்.பி.யின் விற்பனையை நிறுத்தாதீர் என்று கோரி அமெரிக்கப் பத்திரிகை ஒன்று தொடங்கிய விண்ணப்பத்தில் 2008க்குள் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். புதியது வேண்டா, பழையதையே விலைக்குத் தாரும் என்று வாடிக்கையாளர் கெஞ்சி நின்றது வாணிப வரலாற்றில் அரிய காட்சி. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7, விஸ்டாவின் உள்ளமைப்பையே பெரிதும் வைத்துக்கொண்டு, தொந்தரவைக் குறைத்து, விரைவைக் கூட்டி மக்கள் மனத்தை மீட்டது. அதன் விளம்பரங்களில் எளிய மக்கள் தோன்றி, இது எங்கள் யோசனை என்று கூறுவதாக அமைத்திருந்தார்கள்.

நிற்க. விஸ்டாவைப் பழித்தவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் வேலை செய்தவர்கள். இந்திய மொழிகளில் எழுதுவோர் பக்கமிருந்து பார்த்தால் கதை சற்று மாறுகிறது. இயங்குதளத்திடம் ஆங்கிலம் எழுதுவோர் ஒருபோதும் கேட்க நேராத ஒன்றை நாம் கேட்கவேண்டியிருந்தது: என் எழுத்து எழுத்தாகத் தெரியவேண்டும்.

1990களில் தமிழ் கணிப்பொறியில் ஏறியது தனித்தனி எழுத்துருக்களின் துணையால். ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருந்த அறைகளில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிற்று. ஒன்றில் ‘அ’ இருந்த அறையில் இன்னொன்றில் ‘ள’ இருக்கும். கணிப்பொறியைப் பொறுத்தவரை அது தமிழே அன்று, வேடமிட்ட ஆங்கிலம். எழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் திரையை நிறைக்கும். இதற்குத் தீர்வாக அமைந்த யூனிகோடு, தமிழுக்கென்று 1991இலேயே தனி இடம் ஒதுக்கியது. ஆயினும் இடம் ஒதுக்குவது ஒன்று, எழுத்தைத் திரையில் வரைவது வேறு. ‘கொ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்கின்றன. யூனிகோடோ முதலில் ககரத்தையும் பிறகு ஒகரக் குறியையும் சேமிக்கிறது. அதைக் கண்ணுக்குரிய வரிசையில் மாற்றி வரைவது இயங்குதளத்தின் கடமை. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவோடு இக்கடமையை ஏற்றது. ஆயினும் அதிலும் எக்ஸ்.பி.யிலும் அந்த வசதி தானாக வாய்த்ததில்லை. மொழி அமைப்புகளுக்குள் சென்று ஒரு கட்டத்தில் குறியிட்டு, நிறுவுதலுக்குரிய குறுந்தகட்டையும் போடவேண்டும். அதைச் செய்யாத பொறிகளில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நின்றது. எத்தனையோ பேர் அதைக் கண்டு, தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது என்று முடிவுகட்டினர். விஸ்டாவில்தான் குறியும் வேண்டாமல், குறுந்தகடும் வேண்டாமல் தமிழ் தானே வந்தது. உலகம் தூற்றிய விஸ்டாவுக்கு நாம் இந்த ஒன்றுக்காகவேனும் நன்றி சொல்லலாம்.

இதன் மறுபக்கம் என் அலுவலில் நாள்தோறும் எதிர்ப்படுவது. மொழிபெயர்ப்புப் பணியில் எனக்கு முன்பிருந்தோர் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு வைத்த கோப்புகள் எங்களிடம் ஏராளம். விதித் தொகுப்புகளின் தமிழாக்கங்களும், பல்லாண்டு உழைப்பில் திரட்டிய கலைச்சொற் பட்டியல்களும் அவற்றுள் உண்டு. ஒவ்வொரு முறை புதிய இயங்குதளம் வரும்போதும் அந்தப் பழைய மென்பொருள்களுள் ஒன்றிரண்டு ஓடாமற் போகும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆனால் எந்த எழுத்துருவில் எழுதியது என்று தெரிந்தால்தான் அவை உதவும். மாற்றியபின்னும் கொம்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும். ஆகவே, அறையின் ஒரு மூலையில், வலையோடு இணைக்காமல், எக்ஸ்.பி. ஓடும் பழைய பொறி ஒன்றை இன்றும் வைத்திருக்கிறோம். அது கண் விழிக்கும்வரைதான் அந்தச் சொற்களைப் படிக்க முடியும். மாற்றுவதற்கு ஆள் கிடைக்கும்போதெல்லாம் சில பட்டியல்களை அங்கிருந்து மீட்டெடுக்கிறோம்.

திரையின் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தமிழிலேயே காட்டும் வசதியும் பின்னர் வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தவருள் பலர், எழுதுவது தமிழாயினும் பட்டியல்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டனர். இதை மொழிப்பற்றுக் குறைவு என்று கொள்ளலாகாது. சிக்கல் நேரும்போது அடுத்த மேசைக்காரரிடம் கேட்கவேண்டும். அவர் தம் திரையில் காணும் சொற்களால்தான் வழி சொல்வார். இருவர் திரையும் ஒன்றாக இருந்தாலன்றி உதவி கிட்டாது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்துக்கும் இதுவே தடையாயிற்று என்பது என் கருத்து. கட்டற்ற மென்பொருளான டெபியனை அடிப்படையாகக் கொண்டது, விலையில்லாதது, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இயங்குவது. இருந்தும், பிற அலுவலகத்திலிருந்து வரும் ஆவணம் வரி பிசகாமல் திறக்கவேண்டும், தெரியாததைக் கேட்க அருகில் ஒருவர் வேண்டும் என்னும் இரண்டு எளிய தேவைகளை ஒரு மென்பொருள் தனித்து நின்று நிறைவேற்றிவிட முடியாது.

விண்டோஸ் 8இன் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். விரலால் தொட்டு இயக்கும் பலகைக் கணிப்பொறிகள் பெருகிவந்த காலம் அது. பயனாளர் தொடக்கப் பட்டியலை முன்போல் அதிகமாகத் திறப்பதில்லை என்று திரட்டிய எண்ணிக்கைகள் காட்டின. உடனே அந்த மூலைப் பொத்தானை எடுத்துவிட்டு, வண்ணச் சதுரங்கள் நிறைந்த முழுத்திரையை வைத்து 2012 அக்டோபரில் வெளியிட்டார்கள். கொல்லைப்புறக் கதவை நாளைக்கு ஒருமுறைதான் திறக்கிறோம். அதற்காக அதைச் சுவரெழுப்பி அடைத்தால் வீட்டார் பொறுப்பார்களா? பொறியை அணைக்கும் வழி தெரியாமலே பலர் திகைத்தனர். ஓராண்டுக்குள், 2013 அக்டோபரில், பொத்தான் திரும்பி வந்தது. பட்டியலும் 2015 ஜூலையில் விண்டோஸ் 10உடன் திரும்பிற்று.

அந்த விண்டோஸ் 10, பழையன வைத்திருந்தோர்க்கு ஓராண்டு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. இலவசம் என்றபின் வேண்டாமென்போர் இருக்கமாட்டார் என்று கருதினார் போலும். 2016 மே மாதத்தில், மாற்றத்துக்கு நாள் குறித்து வந்த அறிவிப்பின் மூலையிலுள்ள பெருக்கற்குறியை அழுத்தி மூடினாலும் அது சம்மதமாகவே கொள்ளப்பட்டது. இருபது ஆண்டுகளாக வேண்டா என்பதற்கு மக்கள் பழகிய குறி அது; அதற்கே பொருளை மாற்றிவிட்டார்கள்! கலிபோர்னியாவில் சிறுதொழில் நடத்திய பெண்மணி ஒருவர், தாம் கேளாமலே வந்த மாற்றத்தால் தம் கணிப்பொறி பயனற்றுப்போய்த் தொழில் கெட்டதென்று வழக்காடி 10,000 டாலர் பெற்றார். எல்லை மீறிவிட்டோம் என்று அந்நிறுவனத்தின் சந்தைத் துறைத் தலைவரும் அவ்வாண்டின் இறுதியில் ஒப்புக்கொண்டார்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, தொடக்கப் பொத்தானை மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தியது. ஆனால் பழைய மூலைக்கே திருப்பி வைத்துக்கொள்ளும் வழியையும் உடன் கொடுத்தது. பட்டறிவு சற்றேனும் பயன்பட்டிருக்கிறது. இம்முறை பிணக்கு வேறிடத்தில் எழுந்தது. பாதுகாப்பை முன்னிட்டு, பொறிக்குள் குறிப்பிட்ட வகைக் காவற்சில்லும், ஓரளவு அண்மைக்காலச் செயற்பகுதியும் இருந்தாலன்றி அதை நிறுவலாகாது என்று விதித்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறிகள் பல இவ்விதியால் வெளியே நின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. தனியாட்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்கும் என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை அக்கணிப்பொறிகளின் முன் அமர்ந்தோர்க்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. திரை வழக்கம்போல் எழுந்தது. முதல்நாள் பாதியில் விட்ட கடிதம் விட்ட இடத்திலேயே இருந்தது. சிலர் புதிய பொறிக்கு விலை விசாரித்தார்கள். சிலர் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஏற்றித் தரும்படி தெரிந்தவரை வேண்டினார்கள். மிகப் பலர் கடிதத்தைத் தொடர்ந்து எழுதினார்கள்.